கண்ணாடியில் ஒட்டிய முட்டைகள்

மீன் வளர்க்கிறவர்கள் எல்லாம் சாதுவானவர்கள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. உங்களுக்கும் இருந்தது மேடம். வீட்டுக்குள் நுழைந்ததும் தொட்டியைப் பார்த்துவிட்டு, "பாவம், மீன் வளக்குற அம்மா போல" என்று கூட வந்த காவலரிடம் சொன்னீர்கள். மெதுவாகத்தான் சொன்னீர்கள். ஆனால் எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கூப்பிட்டது காதில் விழவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை.

"அவசரமில்ல, நிதானமா சொல்லுங்கம்மா" என்றீர்கள். எனக்கும் அவசரமில்லை. அடுப்பில் எதையும் வைத்துவிட்டு வரவில்லை. கோபத்தில் செய்ததாக எழுதிக்கொண்டால் எனக்கு நல்லது என்று வக்கீல் சொன்னார். வேண்டாம். எனக்குக் கோபமே வரவில்லை. அதை மட்டும் நீங்கள் புரிந்துகொண்டால் போதும்.

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இந்த ஊரில் ஸ்டீயரிங் பிடிக்கிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். உங்கள் ஜீப் ஓட்டுகிறவர்கூட, "சார்கிட்டதான் கத்துக்கிட்டேன்" என்று வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுததில் தப்பில்லை. என் வீட்டுக்காரரை நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கை நீட்டியதில்லை. குடித்ததில்லை. நாலு பேர் கூடினால் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்.

பயிற்சிக் காரில் ஒரு வசதி உண்டு, பார்த்திருப்பீர்கள். பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவன் தான்தான் ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் இருப்பவர் கால் அசைந்தால் வண்டி நின்றுவிடும். வீட்டிலும் அவருக்கு அப்படி ஒன்று இருந்தது. நின்றுபோன படிப்பைத் தபாலில் முடிக்கிறேன் என்றேன். நின்றது. தையல் மெஷின் ஒன்று வாங்கிப் போடுங்கள் என்றேன். நின்றது. என் அம்மா இழுத்துக்கொண்டு கிடக்கிறாள் என்று தகவல் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். "தனியா போயி எங்கயாவது தொலைஞ்சு போவ. வேலைய முடிச்சுட்டு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். சொன்னபடி கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கலைந்துவிட்டார்கள், ஆட்கள் வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பெயர் மட்டும் வைத்தார். எல்-போர்டு. கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது, கடைசிவரை அதுதான்.

"எல்-போர்டு, தண்ணி கொண்டா."

வந்திருப்பவர்கள் கேட்பார்கள். "என்ன சார், தலையே நரைச்சுப் போச்சு, இன்னும் லைசென்ஸ் குடுக்கலியா?"

"எங்க குடுக்கறது? இன்னும் ரிவர்ஸ் எடுக்கவே வரல."

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால், "பாருங்க, இன்ஜின் சூடாயிடுச்சு" என்பார். அதற்கும் சிரிப்பார்கள். அதனால் முதல் தடவையே சிரித்துவிடுவது சுலபம்.

பிறகு அவருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. ஆக்சிஜன் மெஷின் வந்தது. ஹாலில் கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷின், அதிலிருந்து மூக்குக்குக் குழாய். குழாய் எட்டுகிற தூரம்வரை கைத்தடியை ஊன்றி நடப்பார். பால்கனி வாசல்வரை எட்டும். பொழுது போகவில்லை என்று பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கினார். அதில் ஓர் ஆஸ்கர் மீன். வாங்கும்போது கையகலம் இருந்தது, பிறகு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்தது. அதற்குத் தொரை என்று பெயர். தொரை சாப்பிட்டாரா, தொரை தூங்கினாரா என்று கேட்டபடி இருப்பார். நான் சாப்பிட்டேனா என்று அவர் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

தொரை கண்டபடி அசிங்கம் பண்ணியது. அதற்காகத்தான் அந்தச் சின்ன மீன்கள் வந்தன. கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. கெளுத்தி வகை. செதில் கிடையாது, அதற்குப் பதில் உடம்பின் இரண்டு பக்கமும் எலும்புத் தகடுகள், ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று. வாயோரம் குட்டி மீசை. மீன்கடையில் கோரி என்பார்கள். அடிமணலில் முகத்தைப் புதைத்துத் துழாவிக்கொண்டே இருக்கும்.

"இதுங்க எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"கீழ கெடக்கற மிச்சம் மீதியத் தின்னுட்டு தொட்டிய சுத்தமா வச்சுக்கும். தனியா தீனி வேணாம், செலவே இல்ல. உன் இனம்தான்."

சீட்டாட வந்திருந்த நண்பர் வாயில் இருந்த தேநீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார். தரையைத் துடைத்தேன்.

தினமும் தொட்டிக்குப் பக்கத்தில் பெருக்கும்போது பார்த்தேன். மீன்களுக்கு வயிறு ஒட்டிக்கொண்டே போனது. மருந்து வாங்கப் போன வழியில் மீன்கடையில் கேட்டேன்.

"தம்பி, அந்த மீசைக்கார மீனெல்லாம் மெலிஞ்சு போகுது."

"என்ன போடறீங்க?"

"ஒண்ணும் போடல. மிச்சத்தத் தின்னுக்கும்னு சொன்னாங்க."

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாரும் இதே தப்பத்தான் பண்றாங்க. உங்க வீட்ல எல்லாரும் சாப்ட்டு வச்ச தட்டத்தான் உங்களுக்குத் தருவாங்களாம்மா?"

நான் பையில் சில்லறையைத் தேடினேன்.

"அடியில போயி முங்கற தீனி இருக்கு, தரேன். அதுக்குன்னு தனியா போடுங்க. இன்னொண்ணு, ஆஸ்கரோட இத விடவே கூடாது. அவன் வாய்க்குள்ள போச்சுன்னா ரெண்டும் காலி. முதுகுல ஒரு முள்ளு, ரெண்டு பக்கமும் ரெக்கையில முள்ளு. பயந்தா விரிச்சுப் பூட்டிக்கும். முழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது."

மூலை உடைந்து ஒட்டுப் போட்ட சின்னத் தொட்டி ஒன்றையும் சும்மாவே கொடுத்தார். அதைக் கொண்டுவந்து ஹால் ஓரத்தில் ஸ்டூல்மேல் வைத்தேன். அன்றைக்கு வீட்டுக்காரருக்குக் கேலி பேச மூச்சு இல்லை.

மீன்கள் தேறின. நான் கிட்டே போனால் கூட்டமாகக் கண்ணாடி ஓரம் வரும். அந்த மீனுக்குக் கண்ணைக் கீழே உருட்டத் தெரியும், பார்த்தால் கண்ணடிப்பது மாதிரி இருக்கும். எனக்குச் சிரிப்பு வரும். யாரும் எதிர்பார்க்காத சிரிப்பு. எங்கள் மகள் வெளிநாட்டிலிருந்து பேசும்போது, "என்னம்மா, குரலே மாறிப்போச்சு" என்றாள். மீனைப் பற்றிச் சொன்னேன். "அப்பாவ நல்லா பாத்துக்கோம்மா" என்றாள். பார்த்துக்கொண்டேன் மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு நாள் சீட்டாட்ட நண்பர் வந்தார். ஆட்டம் சலித்துப்போய் இரண்டு பேரும் தொரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உயிரோட போட்டா திம்பானா?" என்றார் நண்பர்.

"திம்பானாவா? லபக்குனு போயிடும். எல்-போர்டு, உன் பிள்ளைங்கள்ல ஒண்ணக் கொண்டா, சாருக்குக் காட்டலாம்."

"வேணாங்க. தொண்டையில சிக்கிக்கும்னு கடைக்காரர் சொன்னார்."

"ஓ, மேடம் இப்ப மீன் டாக்டரா?"

நான் அசையவில்லை. அவர் கைத்தடியை ஊன்றி எழுந்து போய், வலையால் ஒன்றை அள்ளித் தொரையின் தொட்டியில் போட்டார். தொரை வாயைத் திறந்தது. அவ்வளவுதான். நண்பர் கைதட்டினார். தட்டி முடிப்பதற்குள் தொரை தலையை உதற ஆரம்பித்தது. வாய் மூடவில்லை. உள்ளேயிருந்து ஒரு குட்டி வால் தெரிந்தது. நண்பருக்கு வீட்டில் ஏதோ வேலை ஞாபகம் வந்தது.

காலையில் தொரை மல்லாந்து மிதந்தது. வாய்க்குள் என் மீனும் செத்திருந்தது, முள் மடங்காமல். என் மீன் செய்தது சரி என்று எனக்குத் தோன்றியது.

"கீழ மரத்தடியில நல்லா ஆழமா தோண்டிப் பொதச்சுட்டு வா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. போய்ப் புதைத்தேன். மேலே வந்தபோது ஸ்டூல்மேல் இருந்த சின்னத் தொட்டியில் தண்ணீர் மட்டும் இருந்தது. அவர் பால்கனி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கைத்தடி வாசலுக்குக் குறுக்கே இருந்தது. வெளியே தரை ஓடு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் என் மீன்கள் கிடந்தன.

"என்னங்க பண்றீங்க?"

"கொலகாரப் பசங்களுக்கு வெயில் காட்டறேன்."

"அதுங்க என்ன பண்ணுச்சு? நீங்கதானே எடுத்துப் போட்டீங்க."

"அங்கயே நில்லு. ஒரு அடி வச்ச, பாரு. பிரேக் என் கிட்ட இருக்கு."

வேறு மீனாக இருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். இந்த மீன் அப்படியில்லை. சேற்றிலும் குட்டையிலும் பிழைக்கப் பிறந்தது. தண்ணீரில் காற்று குறைந்தால் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக் குடலால் மூச்சு விடும். மேல் ஈரம் காய்கிறவரை உயிர் போகாது. கிர்ர், கிர்ர் என்று ஒரு சத்தம் போட்டன. அவற்றுக்குச் சத்தம் போட வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. குழாய் மூக்கில் இருக்க, அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அட, இன்ஜின் இன்னும் ஓடுதுப்பா" என்றார். என்னிடம் இல்லை, தனக்குத்தானே. எல்லாம் ஓயும்வரை கைத்தடியை எடுக்கவில்லை. அதைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அவர் உடம்பில் அப்போது என்ன பலம் இருந்தது. ஒரு கையால் ஒதுக்கியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை மேடம். பிரேக் என்றார், நின்றுவிட்டேன். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அது.

"டீ போடு" என்றார். போட்டேன். பால்கனியைக் கழுவிவிட்டேன். கைத்தடியில் மீன் வாடை அடித்தது, அதையும் துடைத்து வைத்தேன்.

சின்னத் தொட்டியைக் கவிழ்க்கப் போனபோதுதான் பார்த்தேன். கண்ணாடியின் உள்பக்கம் ஜவ்வரிசி மாதிரி முட்டைகள் ஒட்டியிருந்தன. அன்று காலையில் இட்டிருக்க வேண்டும். மீன்கடைக்கு ஓடினேன். இந்த வயதில் என்னால் ஓட முடியும் என்று நான் நினைக்கவில்லை.

"விரலால மெதுவா உருட்டி எடுங்கம்மா. ஒரு டப்பால நல்ல தண்ணி ஊத்தி, சின்ன காத்து மோட்டார் வைங்க. பெரிய மீனுன்னா மேல வந்து காத்து குடிச்சுக்கும், முட்டை எங்க வரும்? அதுக்குக் காத்து ஓடிட்டே இருக்கணும். டீ கலர்ல இருந்தா உயிர் இருக்குன்னு அர்த்தம். வெளுத்துட்டா செத்துது. வெளுத்தத உடனே எடுத்துடுங்க, இல்லன்னா பூஞ்சை புடிச்சு மத்ததையும் சேத்து அழிச்சுடும்."

டப்பாவை ஹாலிலேயே மூலையில் வைத்தேன். மோட்டார் சின்னதாக ரீங்காரம் போட்டது.

"என்ன அது சத்தம்?"

"முட்டைங்க. அதுக்குக் காத்து போகுது."

"பொரிக்கட்டும், பொரிக்கட்டும்" என்றார். "பொரிச்சதும் சொல்லு. அதுங்களுக்கும் வெயில் காட்டலாம்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த நாள்தான் மின்சார ஆபீஸிலிருந்து செய்தி வந்தது. லைன் வேலை நடக்கிறது, மறுநாள் மதியத்திலிருந்து சாயங்காலம்வரை கரெண்ட் இருக்காது என்று. எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் ஹாலுக்கு ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான். அதில் அவருடைய மெஷினைப் போடுவதா, முட்டைக்கான மோட்டாரைப் போடுவதா என்பதுதான் கேள்வி. இதை ஒரு சதி மாதிரி நீங்கள் பார்க்கக் கூடாது. இரண்டு உயிர், ஒரு பிளக்.

"ஸ்பேர் சிலிண்டர் குடுத்திருப்பாங்களே" என்று கேட்டீர்கள். கொடுத்திருந்தார்கள். அதில் கொஞ்சம் குறைந்திருந்தது. கரெண்ட் போகிற நாளில் முழுசாக இருக்கட்டுமே என்று நிரப்பி வர அனுப்பினேன். கொண்டுபோனால் மறுநாள் சாயங்காலம்தான் திருப்பித் தருவார்கள் என்பது தெரியும்.

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ரெண்டையும் போட்டிருக்கலாமே" என்றீர்கள். அதைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்திருந்தேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கம்பக்கத்தில் உதவியாக இருக்க வேண்டும் இல்லையா. என் வீட்டுக்காரருடைய போனைக் கரெண்ட் போகும் முன்பே முழுசாகச் சார்ஜ் ஏற்றிச் சமையலறை அலமாரியில் வைத்திருந்தேன். கைத்தடியை மறுபடியும் கழுவி மொட்டை மாடியில் காயப் போட்டிருந்தேன். துடைத்தும் வாடை போகவில்லை. தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். எல்லாம் பொறுப்பான பெண்பிள்ளை செய்கிற காரியங்கள்தான்.

மதியம் கரெண்ட் போனது. இன்வெர்ட்டர் பீப் என்றது. மெஷின் நிற்காமல் ஓடியது. அவர் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தார். நான் போய்ப் பிளக்கை மாற்றினேன். பிடுங்கினேன் என்று எழுதாதீர்கள். மாற்றினேன்.

"ஏய், மெஷின் நின்னு போச்சு பாரு."

"ஆமாங்க."

"இன்வெர்ட்டர்ல போடு."

"அதுல முட்டைக்கு மோட்டார் ஓடுதுங்க."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "எல்-போர்டு, ஜோக்கெல்லாம் அடிக்கற. பரவால்ல, போடு போடு."

நான் டப்பாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வெளையாடாத. மூச்சு முட்டுது."

"தெரியுதுங்க."

"போன... போன எடு."

"எடுக்கறேங்க."

எழுந்து நிற்கப் பார்த்தார். கைத்தடியைத் தேடிக் கை காற்றில் அலைந்தது. கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிளக் இருக்கும் சுவர் பக்கமாக நகர்ந்தார். கொஞ்ச தூரம்தான், உங்களுக்கும் எனக்கும் ஒன்றுமில்லாத தூரம். நான் அவரைத் தடுக்கவில்லை. குறுக்கே எதையும் வைக்கவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

அப்புறம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா வைத்த பெயர். அது அவருக்கு ஞாபகம் இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார். நல்ல உச்சரிப்பு, மூச்சு இல்லாதபோதும்.

"வந்துட்டேங்க" என்றேன். ஒவ்வொரு தடவையும் சொன்னேன். பதில் சொல்லாமல் இருக்கவில்லை.

அந்த மீன்கள் பட்ட நேரத்தோடு பார்த்தால் அவருக்குச் சீக்கிரம்தான் முடிந்தது. அதற்குப் பிறகு கீழே போய் அக்காவிடம், "அவரு எந்திரிக்க மாட்டேங்கறாரு" என்றேன். அதுவும் உண்மைதான்.

அவ்வளவுதான் மேடம். அவரா, முட்டைகளா என்று வந்தபோது நான் முட்டைகளைக் காப்பாற்றினேன். பாவம், அதுகளுக்கு யார் இருக்கிறார்கள். கோபம், பழிவாங்கல் என்றெல்லாம் பெரிய வார்த்தைகள் போடாமல் இப்படியே எழுதினால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

என்ன பார்க்கிறீர்கள்?

"உங்க வீட்டு டப்பாவ எடுத்துட்டு வரச் சொல்லிப் பாத்தேம்மா" என்கிறீர்கள். "எல்லாமே வெள்ளையா, பஞ்சு மொளச்சு கெடக்கு. ஒண்ணுலகூட உயிர் இல்ல."

"ஆமா."

"நேத்து மதியம், நீங்க பிளக்க மாத்தும்போது?"

"அப்பவும் வெள்ளைதான். அதுக்கு முந்தின நாளே வெளுத்துடுச்சு."

"வெளுத்தத உடனே எடுத்துடணும்னு நீங்கதானே சொன்னீங்க. ஏன் எடுக்காம வச்சிருந்தீங்க?"

"எடுத்துட்டா மோட்டார் ஓட்ட எனக்கு என்ன காரணம் இருந்திருக்கும் மேடம்?"